வயலுக்குப் போடும் பொட்டாஷும் குழம்புக்குப் போடும் லைட் உப்பும்

எங்கள் பக்கத்தில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஒருவராவது இல்லாத வீட்டை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று எந்த ஊரில் எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். கொஞ்ச காலமாக அந்த டப்பாவுக்குத் துணையாக அடுப்படியில் ஒரு புது பாக்கெட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. சோடியம் குறைவான உப்பு. கடையில் லைட் உப்பு, பிரஷர் உப்பு என்று கேட்டாலே எடுத்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளைகள், அப்பா அம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாரே டாக்டர் என்று ஊருக்கு வரும்போது வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த பாக்கெட்டில் சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைத்திருக்கிறார்கள், அது யாருக்கு நல்லது, யாருக்கு ஆகவே ஆகாது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்த இடத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. பெயரைக் கேட்டால் ஏதோ ஆய்வகச் சமாச்சாரம் மாதிரி தெரியும், ஆனால் டெல்டாக்காரர்களுக்கு இதைவிடப் பழக்கமான பொருள் கிடையாது. குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் யூரியா, டிஏபியோடு சேர்த்து மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் வீசுகிறோமே பொட்டாஷ், அதேதான். பாக்கெட்டில் எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டியதும் பெரியப்பா நிமிர்ந்து பார்த்து, "ஏம்ப்பா, பயிரு சாயாம நிக்கணும்னு போடுறோமே, அதையா சோத்துல போடச் சொல்றாங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதிலும் ஆமாம்தான், கூடவே ஒரு விளக்கம் தேவைப்படும் ஆமாம்.

நம் கடைகளில் 50 கிலோ மூட்டையாக வரும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. உரக் கணக்கில் 60 சதவீதம் பொட்டாஷ் என்று போட்டிருப்பார்கள், அதை உப்பின் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 95 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு. மீதியில் சாதா உப்பு கொஞ்சம், மண் கொஞ்சம், இரும்பு ஆக்சைடு கொஞ்சம். நம் ஊரில் பொட்டாஷ் செங்கல் பொடி மாதிரி சிவப்பாக வருவதற்கு அந்த இரும்புதான் காரணம். உணவுக்குச் சேர்ப்பது இதையே கரைத்து, வடித்து, மறுபடி படிகமாக்கி, 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம் செய்தது, வெள்ளையாக இருக்கும். அதனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே பொருள்தானே என்று உர மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகைகூட வாயில் வைக்கக் கூடாது, மாட்டுத் தீவனத்திலும் கலக்கக் கூடாது. அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது, எந்தத் தரையில் கொட்டிக் கிடந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

இந்தியாவில் வயலுக்குப் போடும் இந்த பொட்டாஷ் முழுக்கக் கடல் தாண்டி வருகிறது. இங்கே அதற்குச் சுரங்கம் கிடையாது. கனடாவின் சஸ்காட்சவனில் பூமிக்கு அடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் வற்றிப்போன ஒரு கடல் விட்டுவிட்டுப் போன படிவமாக இது கிடக்கிறது. ரஷ்யா, பெலாரஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் வெட்டி எடுக்கிறார்கள். இஸ்ரேலும் ஜோர்டானும் சாக்கடல் தண்ணீரை வெயிலில் காய வைத்து எடுக்கின்றன. ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில் 1861-ல் முதல் பொட்டாஷ் ஆலை தொடங்கியது. முதலில் அங்கே உப்புக்காகத் தோண்டியவர்கள், மேலே இருந்த கசப்பான அடுக்கை எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிப் போட்டார்கள். பிறகுதான் அது பயிருக்கு உயிர் என்று தெரிந்தது. 2022-ல் போரும் தடைகளும் வந்து விலை ஏறியபோது, மூட்டை 1700 ரூபாய் வரை போனதை நம் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பருவத்தில் எத்தனையோ பேர் பொட்டாஷ் போடாமலேயே விட்டார்கள்.

கடல் என்றதும் வேதாரண்யம் ஞாபகம் வராமல் இருக்காது. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்துபோய், ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார்களே, அதே உப்பளங்களில் இன்றைக்கும் பாத்தி கட்டி உப்பு வாருகிறார்கள். வழியில் தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியும், மரக்கிளைகளில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டாவது பசியாற்றிய ஊர்கள் இவை. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்துவிட்டு உப்பைக் குறை என்று எழுதும்போது மனசு கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்கிறது. ஆனால் அன்றைக்கு உப்பு ஏழைக்கு எட்ட வேண்டிய பொருளாக இருந்தது, இன்றைக்கு எல்லார் தட்டிலும் அளவுக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது.

அந்த உப்பளத்தில் கவனித்தால் நம் விஷயமும் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல், பொட்டாசியம் அரை கிராம்கூடக் கிடையாது. பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும், அப்புறம் நாம் சாப்பிடும் உப்பு விளையும், கடைசியில் கையில் பட்டால் வழவழவென்று இருக்கும் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். மெக்னீசியமும் பொட்டாசியமும் அதில்தான் தங்குகின்றன. அந்தத் தண்ணீர் உப்போடு சேர்ந்தால் உப்பே கசக்கும் என்பதால் உப்பளத்தில் அதை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். குஜராத்தின் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கழிவுத் தண்ணீரிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. வேதாரண்யத்திலும் அது பெரிய அளவில் நடந்தால் நமக்கு எவ்வளவு நன்மை என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம் உண்டு. சரி, சமையல்கட்டுக்குத் திரும்புவோம்.

சாதா உப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் சோடியம். ஒரு டீஸ்பூன் உப்பு 5 கிராம், அதில் சுமார் 2000 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே இவ்வளவு போதும், இதற்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நாம் சாப்பிடுவது இதைவிட நிறைய. சோடியம் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தக் குழாயில் ஓடும் அளவு கூடும், அழுத்தம் ஏறும். பொட்டாசியம் இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ள உதவுகிறது, ரத்தக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. காய்கறி, கீரை, பழம், பருப்பு ஒழுங்காகச் சாப்பிட்டால் அதை எட்டலாம். மூன்று வேளையும் அரிசியை மட்டும் நம்பினால் எட்டுவது கஷ்டம்.

அரிசி என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரஷருக்கு நல்ல மாத்திரையே இல்லாத 1940-களில், அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் கடுமையான ரத்த அழுத்தக்காரர்களுக்கு உப்பில்லாத சோறும் பழமும் பழச்சாறும் சர்க்கரையும் மட்டுமே கொடுத்துப் பலருடைய அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். உப்புப் போடாமல் வடித்த சோற்றில் சோடியம் அனேகமாக இல்லை. நாம் தினம் வடிப்பதும் அப்படித்தான். ஆக, நம்முடைய சோறு குற்றவாளி கிடையாது. அதன் மேல் ஊற்றும் குழம்பிலும், பக்கத்தில் வைக்கும் அப்பளம், நார்த்தங்காய், மோர்மிளகாய், மாவடு, கருவாட்டிலும்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது அந்த லைட் உப்பு. அதில் எல்லாமே பொட்டாசியம் குளோரைடாக இருப்பதில்லை. முழுசாக அதைப் போட்டால் நாக்கில் ஒரு உலோகக் கசப்பு நிற்கும், யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால் சாதா உப்போடு ஒரு பங்கு கலந்து விற்கிறார்கள். 15 சதவீதம் சோடியம் குறைவு என்று சிலது, 30 சதவீதம் என்று சிலது. ஒரு கலவையில் நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் உப்பில் சோடியம் 2000-லிருந்து 1500 மில்லிகிராமுக்குப் பக்கமாக இறங்கும், பொட்டாசியம் 650 மில்லிகிராம் உள்ளே போகும். ஒரு பெரிய வாழைப்பழத்தில் இருப்பதைவிடக் கூடுதல். ஆரோக்கியமான உடம்புக்கு இது லாபம், இரண்டு பக்கமும் லாபம்.

இது வெறும் கணக்கு இல்லை, நிரூபிக்கப்பட்டது. சீனாவின் கிராமப்புறங்களில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயது தாண்டிய பிரஷர்காரர்கள் சுமார் 21,000 பேரிடம் ஐந்து வருடத்தை ஒட்டி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதி கிராமங்களில் பழைய உப்பு, பாதி கிராமங்களில் 75 பங்கு சாதா உப்பும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்தது. 2021-ல் முடிவு வந்தபோது கலவை உப்புச் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மரணம் 12 சதவீதம் குறைவு. மாத்திரை கூட்டவில்லை, நடைப்பயிற்சி சொல்லவில்லை, உப்பை மட்டும் மாற்றினார்கள். அந்தக் கிராமங்களும் நம் ஊர்கள் மாதிரிதான், உப்பு பெரும்பாலும் வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது, பாக்கெட் உணவில் அல்ல. அதனால் இந்த முடிவு நமக்கு ரொம்பவே பொருந்தும் என்று நான் நம்புகிறேன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடக்கும் பெரியவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கும் ஊர்க்காரனாக, இந்த உப்பை வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அதே ஆய்வில் ஒரு நிபந்தனை இருந்தது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. மோசமான சிறுநீரக நோய் இருந்தவர்களையும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் நீர் மாத்திரை சாப்பிட்டவர்களையும் சேர்க்கவே இல்லை. தனக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் வேறு யாருக்காவது அப்படி இருந்தால்கூட ஒருவரைச் சேர்க்கவில்லை. காரணம் எளிது. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் 90 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் தங்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை, அவ்வளவு சின்ன இடைவெளி. 6-ஐத் தாண்டினால் ஆபத்து, இன்னும் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். கொடுமை என்னவென்றால் பெரும்பாலும் முன்கூட்டி எந்த அறிகுறியும் இருக்காது. கால் அசதி, கை மரமரப்பு, இவ்வளவுதான், அதையும் வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவோம்.

எங்கள் அத்தைக்கு இதுதான் நடந்தது. இருபது வருட சர்க்கரை, பிரஷருக்கு லோசார்ட்டன் மாத்திரை, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருப்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. மகன் வாங்கி வந்த லைட் உப்பு ஒரு பக்கம், உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் இளநீர் ஒரு பக்கம், மத்தியானம் வாழைத்தண்டு, ராத்திரி பூவன்பழம். எல்லாம் நல்லது என்று கேள்விப்பட்டு, நல்லது என்றே செய்தவை. ஒரு நாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை, காலில் பலமே இல்லை. தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ஈசிஜி எடுத்த உடனே டாக்டர் பொட்டாசியம் பார்க்கச் சொன்னார், அதிகமாக இருந்தது. மருந்து கொடுத்து இறக்கி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாக அவர் கேட்டு வந்தபோது உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உப்பையெல்லாம் போய் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? மறுநாள் என் தங்கைதான் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

மாத்திரைப் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடிபவை, லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்று 'சார்ட்டன்' என முடிபவை, அப்புறம் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், இவை எல்லாமே ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் உயர்த்தும். அவை நல்ல மருந்துகள், லட்சக்கணக்கானவர்களின் உயிரைக் காப்பவை, இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது லைட் உப்பைத்தான், அதுவும் கேட்டுவிட்டு. அம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையால் இந்தச் சிக்கல் வருவதில்லை. பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும் வேறு வகை நீர் மாத்திரை சாப்பிட்டு, அதனால் பொட்டாசியம் குறைந்து, அதற்கு ஈடாக சிரப் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த சிரப்பே பொட்டாசியம் குளோரைடுதான். சிரப்பும் குடித்து லைட் உப்பும் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மாத்திரை என்றால் ஒருவர் சாப்பிடுவது, உப்பு அப்படியில்லை. நம் வீடுகளில் குழம்பு ஒரே சட்டியில் கொதிக்கிறது. அப்பாவின் பிரஷருக்கு என்று வாங்கிய உப்பு, சிறுநீரகம் தளர்ந்த பாட்டிக்கும், கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்கும், பால்குடி மறந்த பேரப்பிள்ளைக்கும் சேர்த்தே போகிறது. பாக்கெட்டை வெட்டி உப்பு மரவையில் கொட்டிவிட்டால் அட்டையும் குப்பைக்குப் போய்விடும், என்ன உப்பு என்றே யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சாதா உப்புக்குப் பதிலாகப் பெரியவர்கள் இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்துவிட்டு, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். ஒரு கூட்டுக் குடும்பத்தில் இந்த மூவரில் ஒருவராவது இல்லாமல் இருப்பது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இந்த உப்பை வாங்குவதா வேண்டாமா என்பது பிரஷர் இருப்பவரின் முடிவாக இருக்கக் கூடாது, அந்தச் சட்டியில் சாப்பிடுகிற அத்தனை பேரையும் நினைத்து எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ஆகாது என்றால் சட்டிக்குச் சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். அதுதான் எல்லாருக்கும் ஆகும்.

இன்னொரு குழப்பம் இந்துப்பு. பிரஷருக்கு இந்துப்பு நல்லது, அதில் சோடியமே கிடையாது, அது பொட்டாசியம் குளோரைடுதான் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி எத்தனையோ வீடுகளில் அதற்கு மாறிவிட்டார்கள். தவறு. பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் அந்த ரோஜா நிறப் பாறை உப்பில் ஏறக்குறைய 98 சதவீதம் சாதா சோடியம் குளோரைடுதான். நிறம் இரும்பால் வந்தது, நம் சிவப்பு பொட்டாஷ் மாதிரியே. அதில் இருக்கும் பொட்டாசியம் துளியிலும் துளி. பிரஷர்காரர் இது நல்ல உப்பு என்று தைரியமாகக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். மேலும் கடையில் கட்டியாக விற்பதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள், தைராய்டுக்கு அது இன்னொரு நஷ்டம்.

சோடியத்துக்கு மாற்று தேடுவதில் உலகம் ஒரு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் லித்தியம் குளோரைடை உப்புக்குப் பதிலாக விற்றார்கள், சுவை அச்சு அசலாக உப்பு மாதிரியே இருக்கும். இதய நோயாளிகள் நம்பிச் சாப்பிட்டு, சிலர் இறந்தே போனார்கள். 1949-ல் கடைகளிலிருந்து எடுத்தார்கள். பொட்டாசியம் குளோரைடு அந்த வகை விஷம் இல்லை, நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் பொருள். வயிற்றுப்போக்குக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒரு லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். மழை வெள்ளக் காலத்தில் இங்கே எத்தனை குழந்தைகளை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. வயிற்றாலே போகும்போது பொட்டாசியமும் போய்விடும், அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் அது. ஒரே பொருள், குறைந்தவருக்கு மருந்து, ஏற்கெனவே தேங்கியவருக்கு ஆபத்து.

சமையலில் எப்படி என்று கேட்பவர்களுக்கு: புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, கீரை மசியல் எதிலும் வித்தியாசம் தெரியாது. மோரிலும் ரசத்திலும் நுனிநாக்கில் லேசாகத் தெரியலாம், கொஞ்ச நாளில் பழகிவிடும். பெரிய ஆபத்து கைக்கணக்கு. உப்பு உறைக்கவில்லை என்று இன்னொரு சிட்டிகை கூடுதலாகப் போட்டால் குறைத்த சோடியம் திரும்ப வந்துவிடும், கூடவே பொட்டாசியமும் ஏறிவிடும். கல்லுப்புக்குப் பழகிய கை பொடியுப்புக்கு மாறும்போது இது நிச்சயம் நடக்கும், அதனால் முதல் கொஞ்ச நாள் ஸ்பூனால் அளந்து போடுங்கள். ஊறுகாய்க்கும் வடுமாங்காய்க்கும் கல்லுப்பையே போட்டுக்கொள்ளுங்கள், சாப்பிடும் அளவைக் குறையுங்கள். நாகப்பட்டினம் கருவாடு வாங்கினால் நன்றாக ஊற வைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிவிட்டுச் செய்தால் உப்பு ஓரளவு இறங்கும், ருசி கெடாது.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்து. பொட்டாசியம் குளோரைடு என்றோ, 508 என்ற எண்ணோ இருக்கும். சில சூப் பொடிகளிலும், பாக்கெட்டில் வரும் ஜெல்லி மாதிரியான இனிப்புகளிலும் இதே எண் இருக்கலாம், அதில் அளவு சின்னது. முன்பக்கத்தில் இதயப் படம் போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மாறுவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும், சோடியம், பொட்டாசியம் அளவைக் காட்டும் எலக்ட்ரோலைட்டும். இரண்டையும் அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரையோ பிரஷரோ பல வருடமாக இருப்பவர்கள் உப்பு மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுக்க வேண்டியதுதான் இது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அந்தப் பெண்களிடமும் உப்பு பாக்கெட்டைக் காட்டி, சாப்பிடும் மாத்திரையோடு சேருமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எண்கள் சரியாக இருந்து, வீட்டில் ஆகாதவர்கள் யாரும் இல்லை என்றால் தாராளமாக மாறுங்கள். மாறிய பிறகு 'ப்ரில்' அல்லது 'சார்ட்டன்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி ஒரு தடவை பொட்டாசியம் பார்த்துவிடுங்கள், அந்தச் சீட்டையும் பாக்கெட்டின் அட்டையையும் மாத்திரை டப்பாவிலேயே போட்டு வையுங்கள். அவசரத்துக்கு யார் அழைத்துக்கொண்டு ஓடினாலும் அது கையோடு போகும்.